ஐந்தாண்டுச் சம்பளம், அதன்பின்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போய் வருவது புதிதல்ல. திரும்பி வருபவர் வீடு கட்டுவார், தென்னந்தோப்பு வாங்குவார், கடை வைப்பார். இதே ஊரிலிருந்து படிக்கப் போய், ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ மூளையை ஆராயும் ஒரு பெண்ணோ பையனோ அப்படித் திரும்பிவிட முடியாது. அவர்களுக்கு நுண்ணோக்கி வேண்டும், ஆய்வு விலங்குகளை வளர்க்கும் கூடம் வேண்டும், கூட வேலை செய்ய மாணவர்கள் வேண்டும். சேமித்த காசில் இவை எதுவும் அமையாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நாடு திரும்புவோருக்கான உதவித்தொகைகள் வந்தன. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-07இல் தொடங்கிய ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ராமானுஜன் ஃபெலோஷிப் இரண்டும் ஐந்தாண்டு காலத்துக்கானவை. 1961இல் உருவான சர்வதேச மூளை ஆய்வு அமைப்பான இப்ரோவும், வளரும் நாடுகளின் இளம் நரம்பியல் ஆய்வாளர்கள் தாய்நாட்டில் ஆய்வு தொடங்கச் சிறு தொகை தருகிறது.

இவற்றின் நன்மையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. வெளிநாட்டில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருப்பவர் பெரும்பாலும் இன்னொருவரின் கேள்விக்குத்தான் விடை தேடுகிறார். முப்பதுகளின் தொடக்கத்தில் சொந்தக் கேள்வியைக் கையில் எடுக்காவிட்டால் பிறகு அந்த வாய்ப்பு வருவது கடினம். இந்திய நிறுவனங்களில் பணி நியமனம் முடிய ஓரிரு ஆண்டுகூட ஆகும். அதுவரை கையில் சம்பளமும், தன் பெயரிலேயே ஆய்வு நிதியும் இருப்பது பெரிய விடுதலை. துறைத் தலைவரின் தயவை நம்பி நிற்க வேண்டியதில்லை.

ஆனால் தொகையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ராமானுஜன் ஃபெலோஷிப்பில் மாதம் 1,35,000 ரூபாய் சம்பளம். ஆய்வுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். சம்பளத்தைக் குறை சொல்ல முடியாது. ஆய்வு நிதிதான் இடிக்கிறது. 2023 முதல் ஓர் இளநிலை ஆய்வு மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய், ஆண்டுக்கு 4,44,000. ஒரே ஒரு மாணவருக்கு ஆகும் செலவே இவ்வளவு என்றால் 7 லட்சத்தின் அளவு விளங்கும். உயிருள்ள மூளைக்குள் நரம்பணுக்கள் இயங்குவதைக் காட்டும் டூ-ஃபோட்டான் நுண்ணோக்கியின் விலையோ கோடிகளில். அப்படியொரு கருவி ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தில் இடம் கிடைத்தவர் தப்பித்தார். மற்றவர் வெளிநாட்டில் பழகிய வேலையை விட்டுவிட்டு, இருக்கும் கருவிக்கு ஏற்ற சின்னக் கேள்வியைத் தேட வேண்டியதுதான்.

பொருள் வாங்குவதில் உள்ள அலைச்சல் தனி. நரம்பியல் ஆய்வுக்கு வேண்டிய ஆன்டிபாடிகள் பலவும் குளிரூட்டிய பெட்டிகளில் கடல்கடந்து வருபவை. சுங்கத்தில் நாள்கணக்கில் தேங்கினால் வீணாகிவிடலாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களின் சுங்கவரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏறியது. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்த பிறகு சில நாள்களில் பழைய நிலைக்கு வந்தது. கருவி வாங்கும் விதிகளை 2025இல் தளர்த்தியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். இருந்தாலும் உதவித்தொகைத் தவணைகள் மாதக்கணக்கில் தாமதமாகின்றன என்ற ஆய்வாளர்களின் குறை ஓயவில்லை.

சீனாவின் இளம் ஆய்வாளர் திட்டத்தைப் பற்றி 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இங்கே பொருந்தும். அந்தத் திட்டத்தில் நாடு திரும்பியவர்கள், வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட தங்களுக்கு நிகரானவர்களைவிட, ஆய்வுக்குழுத் தலைவர்களாக அதிகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கூடுதல் நிதியும் பெரிய குழுவும்தான் காரணம் என்கிறது அந்த ஆய்வு. இந்தியா ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்.

நிதியைவிடப் பெரிய குறை, ஐந்தாண்டு முடிந்ததும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்பது. இதைத் தமிழ்நாட்டின் பழைய அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மான்ட்ரியலில் நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார், நியூகாசிலில் பயின்ற பி.ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இருவரும் அறுவை மருத்துவர்கள், ஆய்வக விஞ்ஞானிகள் அல்லர். ஆனாலும் அவர்கள் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. வார்டு இருந்தது, பொறுப்பு இருந்தது. அடுத்த தலைமுறையை அவர்களால் பயிற்றுவிக்க முடிந்தது. 1951இல் இந்திய நரம்பியல் கழகம் பிறந்ததில் இருவருக்கும் பங்கு உண்டு.

இன்று திரும்புபவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? பெங்களூரு, மானேசர், சென்னை என்று மூளை ஆய்வுக்கு வசதியுள்ள சில இடங்களுக்குத்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாகப் பதிவு செய்து 2024இல் உலகுக்குத் தந்தது. தமிழ்நாட்டிலிருந்து முதல்தர வேலை முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் திருச்சியிலோ காரைக்குடியிலோ உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தை ஒருவர் தேர்ந்தெடுத்தால் அவருக்கென்று கூடுதலாக ஒரு ரூபாய்கூட இல்லை. மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் பணியிடங்களே ஆண்டுக்கணக்கில் காலியாக இருக்கின்றன. 2017இல் திறந்த புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கீரமங்கலம் பக்கத்திலிருந்தும் வலிப்பும் பக்கவாதமுமாக நோயாளிகள் போகிறார்கள். அவர்களைப் பற்றிய கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெற்றவருக்கு அங்கே ஆய்வு நாற்காலி கிடையாது.

ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப்புக்குப் பெயர் தந்த மருத்துவ விஞ்ஞானி ராமலிங்கசுவாமியோ வசதியுள்ள நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்குப் போனவர். 1956இல் இமயமலையடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய நீண்ட ஆய்வில், கிராம மக்களுக்கு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துக் கழலை நோய் குறைவதை நிரூபித்தார். அயோடின் குறைவு குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். நாட்டின் உப்புக் கொள்கைக்கு அந்த மலைக் கிராமங்களின் ஆய்வு அடித்தளமானது.

இந்த உதவித்தொகைகள் தொடர வேண்டும். இப்போதிருக்கும் வடிவில் தொடரக் கூடாது. மதிப்பீட்டில் தேறுபவருக்கு நிரந்தரப் பணியிடம் என்று முதல் நாளே எழுத்தில் தர வேண்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரிகளையும் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் தேர்ந்தெடுப்பவருக்கு ஆய்வு நிதியை இரட்டிப்பாக்க வேண்டும். மத்திய அரசு ஐந்தாண்டுச் சம்பளம் தருகிறது. ஆறாம் ஆண்டுக்கான இடத்தைத் தமிழ்நாடு அரசு இப்போதே ஒதுக்கி வைக்கட்டும்.