மலை தெரிகிறது, ஆள் தெரியவில்லை

'தேனியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று தேடினால் எங்கே போனாலும் ஒரே பட்டியல்தான் வரும். வைகை அணை, சுருளி அருவி, கும்பக்கரை, மேகமலை, போடிமெட்டு, குரங்கணி, லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம். வரிசை மட்டும் மாறும். ஊட்டியும் கொடைக்கானலும் அலுத்துப்போனவர்கள் இப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எனக்குச் சின்னமனூர் பக்கம் என்பதால், சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு வந்தாலே ஆபீஸில் யாராவது கேட்பார்கள்: "மச்சி, உங்க ஊர்ல என்னடா இருக்கு?" நான் லிங்க் அனுப்புவதில்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்வேன். லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'.

பட்டியல் பொய் சொல்வதில்லை. அது சொல்லும் எல்லா இடமும் அழகான இடம்தான். சிக்கல் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. அருவி கொட்டும், மலை வரவேற்கும், தேயிலை பச்சைக் கம்பளம் விரிக்கும். வினைச்சொற்களை எல்லாம் இயற்கையே எடுத்துக்கொண்டுவிடும். தேயிலையைக் கிள்ளுகிற கைக்கு அந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. மணிமண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். பென்னிகுவிக்கை எங்கள் ஊர்க்காரர்கள் கும்பிடுவதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை, கும்பிட வேண்டிய மனுஷன்தான். ஆனால் அந்தக் காட்டில் கல் சுமந்து, காய்ச்சலில் செத்துப்போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இலக்கியம் இந்த இடைவெளியை நிரப்பப் பார்த்திருக்கிறது. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' (2003 சாகித்ய அகாதமி விருது) வைகை அணைக்காக முழுகிப்போன ஊர்களின் கதை. 1959இல் திறக்கப்பட்ட அந்த அணையின் பூங்காவில் இன்று நாம் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறோம். தண்ணீருக்கடியில் வீடு இருந்தது என்று தெரிந்துகொண்டு அந்தக் கரையில் நிற்பது வேறு அனுபவம், அதை அந்த நாவல்தான் தந்தது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தலைப்பிலேயே 'இதிகாசம்' வந்துவிடுவதால் பேயத்தேவர் வரவரப் பெரிதாகிக்கொண்டே போகிறார். அவருடைய ஒவ்வொரு துயரத்துக்கும் மொழி எழுந்து நின்று மேளம் தட்டுகிறது. நாம் அழுகிறோம். அழுது முடித்ததும் ஏதோ கடனை அடைத்த மாதிரி லேசாகிவிடுகிறோம்.

லெனின் பாரதியின் படம் அழவிடாது. முதல் பாதியில் கதை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரங்கசாமி மலையேறுகிறான், ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிறான், நடுவில் மனிதர்களைச் சந்திக்கிறான். அவ்ளோதான். அந்த நடையின் நீளம்தான் படத்தின் வாதமே. பட்டியலில் போடிமெட்டு ஒரு 'வியூ பாயின்ட்'. படத்தில் மலை என்பது முழங்காலுக்குத் தெரியும் ஒரு சாய்வு. கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்பதுதான் ரங்கசாமியின் ஒரே ஆசை. கடைசியில் தன்னுடையதாக இருந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவனே காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் கடைசிக் காட்சியில் கேமரா அவனை விட்டு மேலே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. இது நமக்கு நன்றாகப் பழகிய ஷாட். மேகமலை ரீல்ஸில் பாதி இதே ட்ரோன் ஷாட்தான். ரீல்ஸில் கேமரா மேலே போகப்போக ஆள் மறைந்து அழகு கூடும். இங்கேயும் அழகு கூடத்தான் செய்கிறது, ஆனால் நம் கண் அந்தப் புள்ளியை விடாமல் துழாவுகிறது. இரண்டு மணி நேரம் அவன் கூடவே நடந்த கண்ணுக்கு நிலப்பரப்பை மட்டும் தனியாகப் பார்க்க வராது. ஒரு கலைப்படைப்பு நம் பார்வையில் என்ன மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சமீபத்திய தமிழ் சினிமாவில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறை இல்லாத படம் இல்லை. மலைமேல் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே நல்லவர்கள். கேடு கீழேயிருந்துதான் வருகிறது. சாதி இருக்கும் ஊர்களில் இவ்வளவு இணக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. இன்னொன்று, சுமை தூக்கும் ஆணின் பாதைதான் படத்தின் முதுகெலும்பு. ஆனால் விடியும் முன்பே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும்போது திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களை மையத்தில் வைத்த படத்துக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

இதெல்லாம் ரசனைப் பிரச்சினை மட்டும்தானே என்று கேட்கலாம். படம் வந்த அதே 2018இல், மார்ச் 11 அன்று, குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். கோடையில் அந்தப் புல் எப்படிக் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அங்கேயே நடந்து பிழைப்பவர்களின் அறிவு. 'ட்ரெக்கிங்குக்கு ஏற்ற இடம்' என்ற ஒரு வரியில் அந்த அறிவுக்கு இடமில்லை. ஆளை அழித்துவிட்டு மலையை மட்டும் காட்டுவது, போகிறவர்களுக்கும் ஆபத்து.

ஆகவே தேனிக்கு வாங்க, தாராளமா வாங்க. அருவியில் குளிங்க. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சையைப் பந்தலுக்கு அடியிலேயே நின்று சாப்பிடுங்க. மருந்தடிக்கிற தொழிலாளி கிட்டே இருந்தால் ரெண்டு வார்த்தை பேசுங்க. போடியில் ஒரு ராத்திரி தங்கினால் காலை நாலரைக்கு எழுந்து ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்க, போட்டோ எடுக்காமல். தமிழில் ஏலக்காய்ச் செடிக்கும் ஏலம், அந்தக் காயை விலை பேசி விற்பதற்கும் ஏலம். போடியில் இரண்டு ஏலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முதுகு இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் வராத பதினொன்றாவது இடம் அதுதான்.