முக அட்டையும் மாசாக்-மாசாக்கும்

மலேசியாவின் மூவாரில் பாலர் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு அந்த வட்ட முகங்கள் பழகியவை. மஞ்சளில் மகிழ்ச்சி, நீலத்தில் சோகம், சிவப்பில் கோபம், ஊதாவில் பயம். டீச்சர் அட்டையைத் தூக்க, பிள்ளைகள் கோரஸாகப் பெயர் சொல்கிறார்கள். 2015இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்துக்குப் பிறகு நிறங்களும் அத்துப்படி. 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் சமூக, உணர்ச்சி வளர்ச்சிக்கு இடம் கொடுத்தது. அக்கறைக்குக் குறைவில்லை, விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அட்டையை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஒரு டீச்சரும் ஓர் உதவியாளரும் 25 பிள்ளைகள் வரை மேய்க்கும் வகுப்பில் இதைவிடச் சுலபமான ஆட்டம் எது? வாய் திறக்காத பிள்ளைகூட விரலை நீட்டிவிடும். கையை ஓங்குவதற்குப் பதில் “எனக்குக் கோபம்” என்று சொல்லப் பழகுவது சின்ன விஷயமல்ல.

ஆனால் படத்துக்குப் பெயர் சொல்வது வேறு, மனசைப் பிடிப்பது வேறு. உளவியலாளர்கள் ஷெர்ரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் இருவரின் ஆய்வுகளில், அருவருப்பு முகத்தைக் கண்ட சின்னப் பிள்ளைகள் பலர் ‘கோபம்’ என்றார்கள். அதையே கதையாகச் சொன்னபோது சரியான பெயர் கூடுதலாக வந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நான்கு நான்கு நிலைக்களன்களைச் சேர்த்தே சொல்கிறது. அழுகை இழவிலும் பிறக்கும், வறுமையிலும் பிறக்கும். (பாலர் பள்ளிக்கு எழுதிய நூலல்ல, தெரியும்.) அட்டையில் கண்ணீர்த் துளி மட்டும் இருக்கிறது. ஏன் அழுகிறது என்பது இல்லை. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையின் வெட்கத்துக்கு அட்டையே கிடையாது.

மாசாக்-மாசாக் என்னும் சமையல் விளையாட்டில் காரணம்தான் ஆட்டமே. பிளாஸ்டிக் குவாலியில் மணலை வதக்கும் சிறுமி, ‘அப்பா’வான பையனிடம் இடுப்பில் கை வைத்து, “இன்னிக்கும் ஓ.டி.யா?” என்கிறாள் என்று வையுங்கள். தளவாடத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் அந்தக் கேள்வி எந்த வீட்டிலும் பிறக்கலாம். கோபம் பாதி, ஏக்கம் பாதி. பக்கத்தில் உட்காரும் டீச்சர், “அம்மா ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்களா?” என்று கேட்டால் போதும், பேச்சு தானே வரும்.

இதிலும் ஓட்டை உண்டு. வாய்த் துடுக்கான பிள்ளையே எப்போதும் அம்மா. கூச்சப்படுவது தினமும் ‘பாப்பா’வாகப் படுத்துக் கிடக்கும். வேடத்தை மாற்றிவிட ஆள் வேண்டும். அட்டையில் எனக்குப் பொறுக்காதது ஒன்றே: அழும் பிள்ளையின் மூக்குக்கு நேரே அதை நீட்டி “நீ எது?” என்று கேட்பது. அப்போது அது விளையாட்டல்ல, சோதனை. சுவரில் முகங்கள் இருந்துவிட்டுப் போகட்டும். டீச்சர் மணலில் பத்து நிமிடம் உட்காரக் கால அட்டவணையில் இடம் விடுங்கள்.