நட்புக் கடிதம்: யாருக்கு எழுதுகிறோம்?

நான்காம் படிவ மாணவி ஒருவர் எழுதிய நட்புக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘அன்புள்ள தோழி கவிதாவுக்கு’ என்று தொடங்கியிருந்தார். முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு எல்லாம் சரி. எழுத்துப்பிழையும் அதிகம் இல்லை. ஆனால், படித்து முடித்ததும் ஒன்றுமே மனத்தில் நிற்கவில்லை.

“யாரும்மா இந்தக் கவிதா?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல டீச்சர். பயிற்சி நூல்ல இருந்த பேரு.”

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நம் மாணவர்கள் இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறார்கள். பெறுநர் இல்லாத கடிதம் எப்படி இருக்கும்? இதோ இப்படித்தான்:

‘இறைவன் அருளால் நான் இங்கு நலம். அதுபோல் நீயும் உன் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் இக்கடிதம் எழுதுவதன் நோக்கம் யாதெனில், எங்கள் ஊரின் சிறப்புகளை உனக்குத் தெரியப்படுத்துவதாகும். எங்கள் ஊர் பல வளங்களைக் கொண்ட அழகிய ஊராகும்.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால், பாலிக் புலாவ் என்ற பெயரை எடுத்துவிட்டு தைப்பிங் என்று போட்டாலும், கவிதாவை எடுத்துவிட்டு குமரனைப் போட்டாலும் ஒரு வரிகூட மாறாது. ‘நோக்கம் யாதெனில்’ என்பது அலுவல் கடிதத்தின் குரல். எந்தத் தோழி தன் தோழியிடம் ‘யாதெனில்’ என்று பேசுவாள்? கட்டுரைக்குத் தலையும் வாலும் ஒட்டவைத்து அதைக் கடிதம் என்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தமிழில் புகழ்பெற்ற கடித நூல்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மு. வரதராசன் எழுதிய ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ ஆகிய நூல்களைப் பல தலைமுறை ஆசிரியர்கள் படித்திருக்கிறோம். ‘தம்பிக்கு’ நூலில் வளவன் என்ற அண்ணன் எழில் என்ற தம்பிக்கு எழுதுகிறான். சிறிய வாக்கியங்கள், தெளிந்த நடை. அண்ணாவும் தம் ஏட்டில் ‘தம்பி’ என்று விளித்தே அரசியல் பேசினார். இவை நல்ல நூல்கள். ஆனாலும் இவற்றின் உண்மையான வாசகர் பொதுமக்கள். கடிதம் என்பது ஒரு வடிவம் மட்டுமே. அங்கே மூத்தவர் சொல்வார், இளையவர் கேட்பார். அந்தக் குரலைப் பதினாறு வயதுப் பிள்ளை எடுத்துக்கொண்டால், தன் வயதுத் தோழிக்கே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுகிறது. ‘நேரத்தைப் பொன்போல் போற்ற வேண்டும், தோழி!’

இதற்கு எதிரான இன்னொரு மரபும் நம்மிடம் உண்டு. கோவில்பட்டி அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தில் பிறந்த நண்பர்கள் இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். இங்குள்ள எழுத்தாளர்களுக்கு வழிகாட்டியவர். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு நூலாக வந்தன. அச்சுக்கென்று எழுதப்படாதவை அவை. ஒரே ஊர், ஒரே வயது, இலக்கியத்திலும் இசையிலும் ஒரே பித்து. ஒருவருக்கு மட்டும் எழுதியதைத்தான் பிறகு எல்லாரும் படித்தோம். நட்புக் கடிதத்துக்கு முன்மாதிரி தேடும் ஆசிரியர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

வேற்று மொழிக்காரர்களும் இதைக் கவனிக்கிறார்கள். ஸ்பானிஷ் மொழி கற்போர் நண்பனுக்குக் கடிதம் எழுதப் பழகும்போது, ‘து’ (நீ) என்பதா ‘உஸ்தெத்’ (நீங்கள்) என்பதா என்று முதலிலேயே முடிவுசெய்து, கடைசி வரி வரை அதை மாற்றாமல் எழுத வேண்டும். முடிப்பில் ‘ஊன் அப்ராசோ’, அதாவது ‘ஒரு தழுவல்’ என்று எழுதுவார்கள். நம் பிள்ளைகளோ ‘நீ நலமா?’ என்று தொடங்கி, மூன்றாம் பத்தியில் ‘தாங்கள் அறிவீர்கள்’ என்கிறார்கள். பெறுநரின் முகம் நினைவில் இல்லாததால் வரும் தடுமாற்றம் இது.

அந்த மாணவியிடம், “உண்மையிலேயே எழுதணும்னா யாருக்கு எழுதுவ?” என்று கேட்டேன். ஜொகூருக்குக் குடிபெயர்ந்துவிட்ட தோழியைச் சொன்னார். அதே தலைப்பில் மறுபடி எழுதச் சொன்னேன். இப்படி வந்தது:

‘நீ போன பிறகு வரும் முதல் டுரியான் பருவம் இது. நாம் லக்சா சாப்பிடும் கடையில் அக்கா உன்னை விசாரித்தார். “உன் கூட்டாளி இல்லாமல் நீ பாதிதான் சாப்பிடுகிறாய்” என்றார். பாட்டி உனக்காகச் சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய் எடுத்து வைத்திருக்கிறார். மலைப்பாதை வளைவுகளில் உனக்கு வாந்தி வருமே, இந்த முறை எலுமிச்சம்பழம் கொண்டு வா.’

‘சிறப்பு’ என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால், டுரியான், லக்சா, ஜாதிக்காய், மலைப்பாதை என்று ஊரின் சிறப்பு அத்தனையும் வந்துவிட்டது.

“தேர்வில் அமைப்புக்குத்தானே புள்ளி?” என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. யுபிஎஸ்ஆர், பிடி3 இரண்டும் போய்விட்டாலும் எஸ்பிஎம் இருக்கிறது. அதனால், அமைப்பை விடச் சொல்லவில்லை. முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு, பெயர் ஆகியவற்றைப் பிசகாமல் எழுதட்டும். கேள்வியில் கருத்துகள் கொடுத்திருந்தால் ஒன்றையும் விடக் கூடாது. இடையில் உள்ள பத்திகள் மட்டும் அந்தத் தோழிக்கு உரியவை. பேச்சு வழக்கை அப்படியே எழுத வேண்டும் என்பதும் இல்லை. மேலே உள்ள பத்தி எழுத்துத் தமிழில்தான் இருக்கிறது. பேச்சிலிருந்து அது எடுத்துக்கொண்டது உரிமையை மட்டுமே.

மாணவர்களே, எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெறுநர் பெயரை விரலால் மறைத்துவிட்டுக் கடிதத்தைப் படியுங்கள். யாருக்கு எழுதியது என்று அப்போதும் தெரிந்தால், அது கடிதம். தெரியாவிட்டால், பேனாவை மறுபடி எடுங்கள்.