அடிமை எனும் சொல் இல்லாத அரசியற் சட்டம்

1787 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் வரையப்பெற்ற அமெரிக்க அரசியற் சட்டத்தை எழுத்தெண்ணிப் படிப்பார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அடிமை முறைக்குக் காவலாய் நின்ற அந்நூலில் ‘அடிமை’ என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை.

பிரதிநிதிகள் சபைக்கு இடங்களை வகுக்குமிடத்து அடிமைகள் மற்றை ஆட்கள் எனப்பட்டனர். அவர்களுள் ஐவர் மூவராக எண்ணப்பட்டனர். 1808 வரை தடுக்கலாகாது எனப்பட்ட அடிமை இறக்குமதியும், தப்பியோடிய அடிமையைத் திருப்பி ஒப்படைத்தலும் அவ்வாறே வேறு சொற்களுள் மறைந்தன.

இதனை இடக்கரடக்கல் எனலாமோ? எனலாகாது. அவையிற் சொல்லத் தகாததை வேறு சொல்லாற் கூறுவதே இடக்கரடக்கல். ஈண்டோ செய்யவே தகாதது மறைக்கப்பட்டது. மனிதர் உடைமையாகலாம் என்னும் கருத்தைச் சட்டத்தில் ஏற்றுவது தவறென்று அம்மன்றத்திலேயே கூறினார் மாடிசன். அவரும் அடிமைகளை உடையவரே!

அம்மறைப்பு பிற்காலத்தார்க்கு ஒரு வழியும் விட்டது. 1860இல் லிங்கன், அச்சொல் சட்டத்தில் இல்லாமையையே தம் வாதத்திற்குச் சான்றாக்கினார். எனினும் வாதம் விலங்கை அறுக்கவில்லை. உள்நாட்டுப் போரில் இலக்கக்கணக்கானோர் மாண்டபின், 1865இல் உறுதிப்பட்ட பதின்மூன்றாம் திருத்தத்திலேதான் அடிமைத்தனம் என்னும் சொல் முதன்முதலாக அச்சட்டத்தில் ஏறிற்று; அதனை ஒழிப்பதற்காகவே ஏறிற்று. அதிலும் குற்றத் தண்டனைக்கென ஒரு விலக்கு இன்றும் உளது.

அச்சட்டத்தின் சொற்செட்டைப் புகழ்வோர், அது சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.