மூடாத கைப்பிடி: லண்டன் வீட்டுக்கு எந்த விறகுக் கணப்பு?

விறகுக் கணப்பு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடிக் கதவை. பார்க்க வேண்டியது அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் கைப்பிடியை. அதைப் பிடித்து முழுக்க மூடும் பக்கம் தள்ளிப் பார்த்தால் பல மாடல்களில் கடைசி வரை போகாது. சிறிது இடைவெளி மிச்சமிருக்கும்போதே 'டக்'கென்று நின்றுவிடும். உள்ளே ஒரு சின்னத் திருகோ இரும்புத் துண்டோ வழிமறித்திருக்கும். பழுது என்று நினைத்துக் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்தத் தடை இருப்பதால்தான் அந்த அடுப்பை லண்டனில் விறகு போட்டு எரிக்க முடிகிறது.

இரவு படுக்கப் போகுமுன் பெரிய கட்டையைப் போட்டு, காற்றை அடைத்து, விடியும் வரை கனன்றுகொண்டிருக்க விடுவது பழைய பழக்கம். காற்று போதாமல் கனலும் கட்டை தீயைவிடப் புகையைத்தான் அதிகம் தரும். வழிமறிக்கும் திருகு அந்தப் பழக்கத்துக்குப் பூட்டுப் போடுகிறது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு பின்னணி உண்டு. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகை லண்டனை மூடியது. இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் எல்லைக்குள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் அதிலிருந்து தொடங்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1993இன் சட்டம், 2021இன் சுற்றுச்சூழல் சட்டம் செய்த திருத்தங்களுடன். லண்டனின் பெரும்பகுதியும் வேறு பல நகரங்களும் இந்தப் பகுதிகளுக்குள் அடங்கும்.

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழர்கள் வாழும் பழைய வரிசை வீடுகள் பலவற்றில், பலகை வைத்து அடைத்த கணப்பு மாடம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதைத் திறந்து நேராக விறகு போட்டு எரிப்பது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விதிமீறல். திறந்த மாடத்தில் ஆந்திரசைட் போன்ற, அனுமதிப் பட்டியலில் உள்ள எரிபொருளை மட்டுமே எரிக்கலாம். விறகுதான் வேண்டுமென்றால், சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் இடம்பெற்ற அடுப்பு வேண்டும். இங்கிலாந்தில் புகை கக்கும் புகைபோக்கிக்கு உள்ளாட்சி மன்றம் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். விலக்கு இல்லாத அடுப்பில் எரிக்க அனுமதியற்ற எரிபொருளை வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகும்.

எந்த ஒட்டுவில்லையை நம்புவது?

கடையில் நிற்கும் அடுப்பின் மேல் இரண்டு மூன்று ஒட்டுவில்லைகள் இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'ஈகோடிசைன்' என்பது 2022 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் புதிதாகச் சந்தைக்கு வரும் அடுப்புகளுக்குக் கட்டாயமான அளவுகோல். மூடிய கதவுள்ள விறகு அடுப்பின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு 1,500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பருவகாலத் திறன் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும். மரத்தூள் உருளைகளை எரிக்கும் பெல்லட் அடுப்புக்கு நுண்துகள் வரம்பு பாதிதான், 20 மில்லிகிராம்.

டெஃப்ரா விலக்கு தனிச் சோதனை. இதில் நல்ல தீயோடு நிறுத்தாமல், காற்றைக் குறைத்து வைத்த சிறு தீயிலும் புகையை அளக்கிறார்கள். மணிக்கு 5 கிராம், அதோடு வெப்பத் திறனில் ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம் என்பது வரம்பு. 5 கிலோவாட் அடுப்புக்கு இது மணிக்கு ஏறத்தாழ 6.7 கிராம். முன்னே சொன்ன திருகு இந்தச் சோதனைக்காகத்தான் உள்ளே போனது.

ஆக, ஈகோடிசைன் வில்லை இருப்பதாலேயே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்கலாம் என்று ஆகிவிடாது. விற்பனையாளர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால், மாடலின் முழுப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு டெஃப்ராவின் இணையப் பட்டியலில் தேட வேண்டும். ஒரே அடுப்பு ஓர் எண்ணில் விலக்கோடும் இன்னோர் எண்ணில் விலக்கு இல்லாமலும் விற்பனைக்கு வருவதுண்டு. பட்டியலில் எந்த எரிபொருளுக்கு விலக்கு என்பதும் எழுதியிருக்கும். விறகுக்குக் கிடைத்த விலக்கு நிலக்கரிக்குச் செல்லாது.

கிளியர்ஸ்கைஸ் என்ற தரச்சான்று 1 முதல் 5 வரை நிலை போடுகிறது. 5 தான் உச்சம். கடையில் இரண்டு அடுப்புகளை ஒப்பிட இது கைகொடுக்கும்.

பெரியது வாங்கினால் நஷ்டம்

அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள கூடம் 50 கன மீட்டர். அதற்கு மூன்றரை கிலோவாட் போதும். நன்றாக வெப்பக்காப்பு செய்த புது வீட்டுக்கு இன்னும் குறைவு.

"கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்று 8 கிலோவாட் வாங்கியவர் அரை மணியில் வேர்த்துப்போய்க் காற்றைக் குறைப்பார். தீ அடங்கும், கண்ணாடி கருக்கும், புகைபோக்கியில் தார் படியும். சிறிய அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதே சுத்தம்.

கடைகளில் 4.9, 5 கிலோவாட் என்ற எண்களே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்கும் காரணம் உண்டு. கட்டட விதிகளின்படி, காற்றுக் கசிவுள்ள பழைய வீட்டில் 5 கிலோவாட் வரை சுவரில் நிரந்தரக் காற்றுத்துளை தேவையில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு வைக்க வேண்டும். குளிர்காலத்தில் கூடத்துச் சுவரில் ஓட்டை போட யாருக்கு மனம் வரும்?

எரித்துப் பார்த்தால்

5 கிலோவாட் வகை அடுப்பின் உட்புறம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சுவர்களில் வெர்மிகுலைட் பலகைகள், மேலே புகையை மடக்கி அனுப்பும் தடுப்புத் தகடு, பின்சுவரில் வரிசையாகச் சிறு துளைகள். கட்டையிலிருந்து கிளம்பும் வாயு அந்தத் துளைகள் வழியாக வரும் சூடான காற்றோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்கிறது. ஊதாங்குழல் தணலுக்குக் காற்று கொடுக்கும்; இந்தத் துளைகள் புகைக்கே காற்று கொடுக்கின்றன. தீ நன்றாகப் பிடித்ததும் கட்டையைத் தொடாமல், துளைகளின் வாயிலிருந்தே சுடர்கள் நீண்டு அசைவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். அடுப்பு ஒழுங்காக வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். கதவின் மேல்விளிம்பிலிருந்து கண்ணாடியை ஒட்டி இறங்கும் இன்னொரு காற்றோட்டம் கரி படியாமல் பார்த்துக்கொள்கிறது.

பற்றவைப்பது நம் ஊர் அடுப்புக்கு நேர்மாறு. பெரிய கட்டைகள் இரண்டு அடியில், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் தீமூட்டித் துண்டு. தீ மேலிருந்து கீழே இறங்கும். அடியிலிருந்து எழும் புகை தீயைக் கடந்துதான் வெளியேற வேண்டியிருப்பதால் தொடக்கப் புகை வெகுவாகக் குறைகிறது. காற்றை முழுக்கத் திறந்து வைத்து, கட்டைகள் பற்றிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். புகைக்குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி இதற்கு நல்ல துணை. பொதுவாக 120 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை நல்ல நிலை. அதற்குக் கீழே போனால் தார் படியும், மேலே போனால் வெப்பம் வீணாகப் புகைபோக்கியில் ஏறும்.

சோதனை என்றால் அது மறுகட்டை போடும்போதுதான். சுடர் அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போது ஒரு கட்டை, காற்று முழுத் திறப்பு, பற்றியதும் பழைய நிலை. தெருவுக்குப் போய்ப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் அந்தச் சில நிமிடங்கள் மெல்லிய புகை தெரியும், பிறகு வெறும் வெப்பக் காற்றின் நடுக்கம். மூன்று கட்டைகளை ஒன்றாகத் திணித்துவிட்டு அதே இடத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். அடுப்பு மாறவில்லை, வில்லையும் மாறவில்லை. ஆனால் புகை வருகிறது.

ஈரம் 20க்குக் கீழே

2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'ரெடி டு பர்ன்' முத்திரை இருக்க வேண்டும். மூட்டையில் விற்ற வீட்டு நிலக்கரிக்கும் அன்றே தடை வந்தது. மொத்தமாக லாரியில் வாங்கும் விறகுக்கு இந்த முத்திரை இல்லை; காயவைக்கும் முறையைச் சொல்லும் அறிவுரைதான் உடன் வரும். அதை ஓரிரு ஆண்டுகள் கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி வைக்க இடம் இல்லாதவர்கள் மலிவைப் பார்த்து வாங்கக் கூடாது.

ஈரமானி விலை குறைந்த கருவிதான். கட்டையின் முனையில் குத்தினால் அது பொய் சொல்லும், ஏனென்றால் முனை முதலில் காய்ந்துவிடும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த உள்முகத்தின் நடுவில் குத்த வேண்டும். 20 சதவீத ஈரமுள்ள விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட்-மணி வெப்பம் தரும். 5 கிலோவாட் அடுப்பு 80 சதவீதத் திறனில் எரிந்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் விறகு தின்னும். நான்கு மணி நேர மாலைக்கு ஆறு கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு விறகுச் செலவைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று வகை, மூன்று குணம்

வார்ப்பிரும்பு: டென்மார்க்கின் மோர்சோ 1853இலிருந்து வார்ப்படத் தொழிலில் இருக்கும் நிறுவனம். பக்கவாட்டில் அணில் உருவம் பொறித்த அதன் சிறிய அடுப்பு பிரிட்டிஷ் வரிசை வீடுகளின் குறுகிய மாடத்துக்கு அளவெடுத்தது போல் பொருந்தும். சூடாக நேரம் பிடிக்கும். தீ அணைந்த பிறகும் சூடு தங்கும். ஆனால் வாய் சிறியது, கட்டையைக் குட்டையாக வெட்ட வேண்டும்.

எஃகுத் தகடு: வைட் தீவில் தயாராகும் சார்ன்வுட்டின் சி-ஃபோர் இந்த வகை. எல்லாக் காற்றையும் ஒரே கைப்பிடியில் அடக்கியிருப்பது இதன் பலம். இரண்டு மூன்று கைப்பிடிகளில் எது எதற்கு என்று தடுமாறும் வீட்டில் இதுவே பாதித் தவறுகளைத் தடுத்துவிடும். சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் ஆறும்; மாலையில் மட்டும் பற்றவைப்பவர்களுக்குத் தோது.

தானியங்கி: டென்மார்க்கின் ஹ்வாம், புகையின் ஆக்சிஜனையும் வெப்பத்தையும் உணரிகளால் அளந்து காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும் அடுப்புகளைச் செய்கிறது. கைத் தவறைக் கருவி சரிசெய்கிறது என்பதால் கொள்கையளவில் இதுவே முன்னால் நிற்கிறது. விலையும் அப்படித்தான். உணரி கெட்டால் பழுது பார்க்க ஆள் தேடவும் வேண்டும்.

அடுப்பைத் தாண்டிய செலவு

விலைப்பட்டியலில் இருப்பது பாதிச் செலவு. பழைய செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகு உட்குழாய் இறக்குவது, அடியில் தீப்பிடிக்காத தளம் போடுவது, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மாட்டுவது எல்லாம் சேர்ந்தால் அடுப்பின் விலையைத் தொட்டுவிடக்கூடும். எச்சரிக்கைக் கருவி கட்டட விதிப்படி கட்டாயம். இங்கேயும் டெஃப்ரா விலக்குக்கு ஒரு லாபம் உண்டு: விறகு அடுப்புக்குப் பொதுவாக 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள புகைவழி வேண்டும், விலக்குள்ள அடுப்புக்கு, தயாரிப்பாளர் ஒப்பினால், 125 போதும். குறுகிய பழைய புகைபோக்கியில் இந்த ஓர் அங்குலம் சில சமயம் இடித்துக் கட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

யார் வாங்கலாம்?

இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022 ஆண்டறிக்கை காற்று மாசு பற்றியது. ஈகோடிசைன் அடுப்பும்கூட எரிவாயு மைய வெப்பமூட்டலைவிட 450 மடங்கு நுண்துகள் வெளியிடுகிறது என்று அது ஒப்பிட்டது. பழைய அடுப்புக்கு அந்த எண் 3,700. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரண்டுமே எரிவாயுவுக்கு அருகில் இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில், எரிவாயுவோ ஹீட் பம்போ ஏற்கெனவே வேலை செய்கிறதென்றால், அழகுக்காக ஓர் அடுப்பு வாங்க இந்த விமர்சனம் பரிந்துரைக்காது.

பழைய அடுப்பையோ, அனுமதி எரிபொருள் எரிக்கும் திறந்த மாடத்தையோ மாற்றுபவர்களுக்குப் பரிந்துரை தெளிவு: அறைக்கணக்கு ஒத்துவந்தால் 5 கிலோவாட்டுக்கு மேற்படாத, ஒற்றைக் கைப்பிடியுள்ள எஃகு அடுப்பு; டெஃப்ரா பட்டியலில் மாடல் எண்ணோடு உறுதி செய்தது; கிளியர்ஸ்கைஸ் 5ஆம் நிலை. பணம் பொருட்டில்லை என்றால் தானியங்கி.

முன்பணம் கொடுக்குமுன் அறைக்கணக்கு, பட்டியலில் உள்ள மாடல் எண், உட்குழாய்க்கான எழுத்து மதிப்பீடு மூன்றும் கையில் இருக்க வேண்டும். பொருத்துபவர், இத்தகைய அடுப்பு பொருத்துவோரைப் பதிவு செய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட வேண்டும். பெற்றவர் என்றால் வேலைக்கான சான்றிதழ் அவர் வழியாகவே வந்துவிடும். இல்லையென்றால் உள்ளாட்சிக் கட்டடப் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவித்து, கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அந்தச் சான்றிதழையும், ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துடைத்ததற்கான சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனமும், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞரும் அவற்றைக் கேட்பார்கள்.