கூலி தராத கோட்டை

ஆஸ்கார்ட் ஓர் இடமல்ல, அங்கே வாழும் மக்கள்தான் ஆஸ்கார்ட். 2017இல் 'தோர்: ரக்னரோக்' திரைப்படம் சொன்ன இந்தக் கருத்து ரசிகர்களிடம் வேரூன்றிவிட்டது. வீடிழந்து போகிறவர்களின் துயரத்தோடு சேர்த்துக் கேட்கும்போது உருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் ஸ்காண்டிநேவியப் புராணங்களின் முதுகெலும்பையே அது உருவிவிடுகிறது. ஓடின், தோர் முதலிய கடவுளர் குடியிருக்கும் ஊர் மூலநூல்களில் முழுக்க முழுக்க ஓர் இடம். அதற்கு மதில் உண்டு. மதிலைக் கட்டிய ஒருவன் உண்டு. அவனுக்குக் கொடுக்காமல் விட்ட கூலியும் உண்டு.

13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தின் கோடெக்ஸ் ரெகியஸ் சுவடியில் உள்ள பாடல்களில் ஆஸ்கார்ட் என்ற பெயர் அபூர்வமாகவே தலைகாட்டுகிறது. வீடுகளோ ஏராளம். அவற்றில் ஒன்றான 'கிரிம்னிஸ்மால்' கடவுளரின் மனைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கிறது. ஓடினின் மண்டபமான வல்ஹல்லாவுக்கு மட்டும் 540 வாசல்கள். 'வோலுஸ்பா' பாடலில் கடவுளர் உலை மூட்டுகிறார்கள், கருவிகள் அடிக்கிறார்கள், முற்றத்தில் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். பொன்னுக்குக் குறைவில்லைதான். ஆனாலும் இது செழிப்பான ஒரு பண்ணையின் சித்திரம். வானில் மிதக்கும் நகரம் அல்ல.

இந்தப் பண்ணையின் குற்றக் கணக்கை முழுதாக எழுதி வைத்தவர் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்துர்லுசோன். 1220ஐ ஒட்டி அவர் தொகுத்த 'உரைநடை எட்டா' நூலில் முன்பின் அறியாத ஒரு கட்டடக்காரன் வருகிறான். ஒன்றரை ஆண்டில் அரண் கட்டித் தருகிறேன், கூலியாகத் தேவி ஃப்ரேயாவும் சூரியனும் சந்திரனும் வேண்டும் என்கிறான். ஒரே குளிர்காலத்தில் முடிக்க வேண்டும், ஆள் துணை கூடாது என்று கடவுளர் நிபந்தனை போடுகிறார்கள். தந்திரக்காரன் லோகியின் யோசனைப்படி குதிரை ஒன்றை மட்டும் அனுமதிக்கிறார்கள். ஸ்வாதில்ஃபாரி என்ற அந்தக் குதிரை மலைமலையாகக் கல் இழுக்கிறது. கோடை பிறக்க மூன்று நாள் இருக்கையில் வேலை கோட்டை வாசல்வரை வந்துவிடுகிறது. லோகி பெண்குதிரையாக உருமாறி ஸ்வாதில்ஃபாரியைக் காட்டுக்குள் இழுத்துப் போகிறான், வேலை நின்றுபோகிறது. ஆத்திரத்தில் கட்டடக்காரனின் அரக்க இயல்பு வெளிப்பட, சத்தியத்தை மறந்து கடவுளர் தோரை அழைக்கிறார்கள். கூலிக்குப் பதில் அவன் தலையில் சுத்தியல் இறங்குகிறது.

இது கிளைக்கதை அல்ல. 'வோலுஸ்பா'வும் முறிந்த சத்தியங்களை நினைவூட்டிவிட்டே அழிவை நோக்கி நகர்கிறது. ஆஸ்கார்டின் வீழ்ச்சி அதன் அஸ்திவாரத்திலேயே தொடங்கிவிட்டது.

பின்வந்த நூற்றாண்டுகள் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அறிஞர் மாலே வடபுலத் தொன்மத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். 1819இல் கவிஞர் ஊலன்ஷ்லேகர் அதை டேனிஷ் கவிதையாக்கினார். இரண்டும் மரியாதைக்குரிய முயற்சிகள். ஆனால் கூலிப் பிரச்சினையை நடு மேடைக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர். 1869இல் மியூனிக்கில் அரங்கேறிய 'ரைன்கோல்ட்' இசைநாடகத்தில் வல்ஹல்லாவைக் கட்டிய இரண்டு அரக்கர்கள் வாசலில் நின்று கூலி கேட்கிறார்கள். திருடிய தங்கத்தால் கடன் அடைகிறது. அவருடைய அரசியலை வெறுப்பவர்களும் மறுக்க முடியாத மாபெரும் வாசிப்பு அது.

1962இல் மார்வெல் காமிக்ஸுக்காக ஜாக் கிர்பி வரையத் தொடங்கிய ஆஸ்கார்டில் கோபுரங்கள் பிரமாண்டமானவை, கற்பனை அபாரம். கட்டியவன்தான் காணாமல் போனான். 2011இல் தொடங்கிய திரைப்படங்கள் அந்த மினுமினுப்பை மேலும் பெருக்கின. 2017 படத்தில் எதிர்நாயகி ஹெலா மேற்கூரை ஓவியத்தை உடைத்து, அடியில் மறைந்திருந்த போர்க் காட்சிகளைக் காட்டுகிறாள். இந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்ற அருமையான கேள்வி பிறக்கிறது. இடமே அழிந்ததும் கேள்வியும் அழிந்துபோகிறது. யாரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்று டென்மார்க்கில் முன்பே உருவாகியிருந்தது. உலகம் கிர்பியைக் கொண்டாடிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அதைக் கவனிக்கவில்லை. 1979இல் பீட்டர் மாட்ஸன் தொடங்கிய 'வல்ஹல்லா' சித்திரக்கதைத் தொடர் இரண்டு குடியானவப் பிள்ளைகளின் கண்வழியே ஆஸ்கார்டைக் காண்கிறது. தோரின் ஆட்டுக்கடா ஒன்றை நொண்டியாக்கியதற்கு ஈடாகப் பணியாட்களாக அழைத்துச் செல்லப்பட்ட த்யால்ஃபியும் ரோஸ்க்வாவும் அவர்கள். இந்த ஆஸ்கார்டில் அடுப்பு எரிகிறது, அழுக்குச் சேர்கிறது, யாராவது பெருக்க வேண்டியிருக்கிறது. 1986இல் வந்த அனிமேஷன் படமும் இந்தப் பார்வையைக் காப்பாற்றியது. இதே காலத்தில், 1982இல், டேனிஷ் எழுத்தாளர் வில்லி சோரன்சன் எழுதிய 'ரக்னரோக்' நூல் கடவுளரின் முடிவை அதிகாரத்தின் கதையாக வாசித்தது. அணு ஆயுதப் போட்டி உக்கிரமாக இருந்த ஆண்டுகளில் மதிலுக்குள் ஒளிந்த ஓர் ஆட்சியைப் பற்றி எழுதுவது வெறும் பழங்கதைப் பற்று அல்ல.

எழுத்தாளர் நீல் கெய்மன் 2017இல் கட்டடக்காரன் கதையைச் சுவையாகத் திருப்பிச் சொன்னார். ஆனாலும் கதை நடப்பது கடவுளரின் பக்கத்திலிருந்துதான். ஸ்நோரியின் நூலில் ரோஸ்க்வா அரக்கர் நாட்டுக்குக் கூடவே நடந்து போகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாட்ஸன் அவளைப் பேச வைத்தார். கட்டடக்காரனுக்கோ ஸ்நோரி பெயர்கூட வைக்கவில்லை. அடுத்து ஆஸ்கார்டை எழுத வருகிறவர் அவன் நின்ற இடத்திலிருந்து, பாதியில் நின்ற அந்த வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.