ராணியை ஒளித்து வையுங்கள்

கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். அபாகஸ், ஃபோனிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி என்ற வரிசையில் செஸ்ஸும் சேர்ந்துவிட்டது. நாலு வயசிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். பீளமேடோ சரவணம்பட்டியோ, பெற்றோரிடம் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: 'மூளை வளரும், கணக்கு நல்லா வரும், கான்சன்ட்ரேஷன் கூடும்ங்க.' ஆடினால் ஜாலியாக இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஃபீஸ் வராது.

கணக்கு வருமா என்பதை இங்கிலாந்தில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். நூறு பள்ளிகள். ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைகள். பாதிப் பள்ளிகளில் முப்பது வாரம் செஸ் வகுப்பு, மீதிப் பள்ளிகளில் இல்லை. வகுப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து இரண்டு தரப்பின் கணக்கு மார்க்கையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவு: வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஞாபகசக்தி விஷயமும் அப்படித்தான். 1973-ல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்று இருவர் ஒரு அழகான பரிசோதனை செய்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவே காய்கள் இருக்கும் நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பாதிக்கு மேல் சரியாகத் திரும்ப அடுக்கிவிடுகிறார். கற்றுக்குட்டி நாலைந்தோடு நின்றுவிடுகிறார். அதே காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்து வைத்துக் காட்டினால்? மாஸ்டருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செஸ் ஆடுகிறவருக்கு வளர்வது செஸ் ஞாபகம். அதை வைத்து வரலாற்றுப் பாடத்தில் வருஷங்களை ஒப்பிக்க முடியாது.

இதற்காகக் கொங்கு நாட்டுப் பெற்றோரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மோட்டார் பம்ப்பும் பனியனும் செய்து முன்னுக்கு வந்த ஊர்கள் இவை. 'போட்ட காசுக்கு என்னங்க வரும்?' என்று கேட்பது நியாயமான பழக்கம். ஆனால் அதே கேள்வியைப் படிப்பிடம் கேட்டு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் வைத்து, மார்க்குக்காகவே பிள்ளைகளை வளர்த்தோம். பிராய்லர் கோழி என்று ஊரே கேலி செய்தது. பக்கத்திலேயே நிஜக் கோழிப் பண்ணைகளும் இருந்ததால் உவமை தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்தக் கூண்டுக்குள் குதிரையையும் யானையையும் விடப் பார்க்கிறோம்.

இந்த ஊருக்குச் செஸ் புதுசில்லை. விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதே கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியை ஜெயித்துத்தான். ஆர்.எஸ். புரத்தில் பத்துப் பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். இரண்டு ஊர் தள்ளி நடந்திருந்தால் சிலையே வைத்திருப்பார்கள்.

அந்த ஆனந்துக்கு ஆறு வயசில் சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா. அப்பாவின் வேலை நிமித்தம் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, மத்தியான டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் செஸ் புதிர் போடுவார்கள். பையன் பள்ளியில் இருப்பான். அம்மா குறித்துவைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். திரும்பத் திரும்ப இவனே ஜெயிக்க, கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள், 'வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்றார்களாம். ரேட்டிங்கையும் ட்ராஃபியையும் விடுங்கள். அம்மாவும் பிள்ளையும் ஒரே புதிரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள், அவைதான் பாடத்திட்டம்.

சென்னைக்குத் திரும்பி சோவியத் கலாசார மையத்தில் இருந்த டால் செஸ் கிளப்பில் அவர் ஆடியது பெரும்பாலும் மின்னல் வேக ஆட்டம். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். ஒரே நாளில் பத்துத் தடவை தோற்கலாம். தோற்பதற்கு அங்கே எந்த மரியாதைக் குறைவும் இல்லை, நாற்காலிதான் போகும்.

நம்மூர் வகுப்புகள் மேல் எனக்கு உள்ள முதல் குறை, முதல் நாளே முப்பத்திரண்டு காயையும் பரப்பிவிடுகிறார்கள். ஐந்து வயசுக் குழந்தைக்கு ஆறு விதமான காய், ஆறு விதமான நடை. போதாததற்கு வீட்டில் அப்பாரு 'மந்திரி' என்று சொன்ன காய் கிளாஸில் 'பிஷப்', யானை 'ரூக்'. குழந்தை என்ன செய்யும்? இருப்பதிலேயே பலசாலி யார் என்று பார்த்து, ராணியைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இரண்டாம் வாரத்தில் நாலே மூவில் மேட் செய்யும் தந்திரத்தைக் கற்றுத்தருகிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்து மாமனையும் சித்தப்பாவையும் ஜெயிக்கிறது. 'பாத்தீங்களா, கிளாஸ் எப்படி!' என்று வீடே மெச்சுகிறது. தந்திரம் தெரிந்த ஒரு பிள்ளையிடம் மோதும்போது, அடுத்து என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. ஏனென்றால் அது இன்னும் செஸ் ஆடவே இல்லை.

நல்ல ஆசிரியர்கள் வேறு மாதிரி தொடங்குகிறார்கள். பக்கத்துக்கு எட்டுச் சிப்பாய் மட்டும். எவருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கரை சேருகிறதோ அவர் ஜெயித்தார். ஐந்து நிமிஷத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். நேரே நடந்து குறுக்கே வெட்டும் அந்தக் காயின் குணம் முழுக்கப் பிடிபட்டபிறகு ராஜா வரலாம். பிறகு யானை. ராஜாவும் யானையுமாகச் சேர்ந்து எதிரியின் ஒற்றை ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிப் பூட்டுவது ஒரு மாசத்துக்குத் தாங்கும். ராணியை அதுவரை அலமாரியில் ஒளித்துவைக்கலாம். நம் ஆடுபுலி ஆட்டமும் இந்த ரகம்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு, இரண்டே வகைக் காய். திண்ணையில் கரிக்கோடு போட்டு, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

புத்தகம் கேட்பவர்களுக்கு: பாபி ஃபிஷர் பெயரில் 1966-ல் வந்த ஆரம்பப் பாடநூல் இன்றைக்கும் கடைகளில் கிடைக்கிறது. வலப்பக்கங்களை மட்டுமே படித்துக்கொண்டு போய், கடைசியில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பித் திரும்பி வரவேண்டும். பக்கத்துக்கு ஒரு கேள்வி, புரட்டினால் பதில். ஒன்பது வயசுக்கு மேல் பிரமாதம். ஆனால் அதில் எப்போதும் வாசகனே மேட் செய்துகொண்டிருக்கிறான். நிஜ ஆட்டத்தில் எதிராளியும் மேட் செய்வான் என்ற சங்கடம் அதில் அதிகம் இல்லை.

அந்தச் சங்கடத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் பார்க்கிறோம். கோவை, ஈரோடு, திருப்பூர், ஏதாவது ஒரு பள்ளியின் ஹால். பெற்றோருக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியே வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். ஆறு வயசுப் பையன் கதவைத் தாண்டி வருகிறான். அம்மா கேட்கும் முதல் கேள்வி, 'வின்னா, லாஸா?' உதடு பிதுங்குகிறது. 'அந்தப் பொண்ணுகிட்டயாடா தோத்தே?' அவ்வளவுதான். பசிக்கிறதா, என்ன ஆடினே கண்ணு, எந்தக் காய் போச்சு, ஒரு கேள்வியும் கிடையாது. செஸ்ஸில் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட முடியாது. தாயக்கட்டையும் இல்லை, அம்பயரும் இல்லை. தோல்வி முழுக்கத் தன்னுடையது. பெரியவர்களுக்கே கசக்கும். ஆறு வயசில் அதைத் தாங்க, பக்கத்தில் சிரிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் வேண்டும்.

ரேட்டிங் பைத்தியம் தனி. 2024 மார்ச்சிலிருந்து உலக சம்மேளனமான ஃபிடே 1400-க்குக் கீழே ரேட்டிங் தருவதில்லை. அந்த எண்ணைப் பிடிக்க யு.கே.ஜி. பிள்ளையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிகிற அப்பாக்கள் இருக்கிறார்கள்.

குகேஷ் மாதிரி வரணும் என்பார்கள். வரட்டும். 2024 டிசம்பரில், பதினெட்டு வயசில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷ் ஆரம்பித்தது ஏழு வயசில். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். பலத்த ஆட்டக்காரராகும் வரை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே அவரை விடவில்லை. பிறகு அப்பா டாக்டர் தொழிலையே ஒதுக்கிவைத்துவிட்டுக் கூடவே அலைந்ததும் உண்மை. ஆனால் அது பையன் ஓடத் தொடங்கிய பிறகு. நம்மவர்கள் பையன் தவழும்போதே பஸ் ஏறுகிறார்கள்.

நாலு வயசிலேயே தொடங்கி ஜெயித்தவர்கள் இல்லையா? ஹங்கேரியில் லாஸ்லோ போல்கர் தன் மூன்று பெண்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே செஸ் சொல்லி வளர்த்தார். கடைக்குட்டி ஜூடித், 1991-ல் பதினைந்து வயசில் கிராண்ட்மாஸ்டர். போல்கர் அதைச் சோதனை என்றே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார். தன் முழு வாழ்க்கையையும் அதில் போட்டார். வாரம் இரண்டு கிளாஸுக்குப் பணம் கட்டிவிட்டு, காரில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் நமக்கு அந்த உதாரணத்தைச் சொல்ல உரிமை இல்லை.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம் என்று தோன்றினால், ஒப்பணக்காரத் தெருப் பக்கம் போய்ச் சுருட்டி வைக்கிற போர்டு ஒன்று வாங்குங்கள். காய்கள் பிளாஸ்டிக், பெரிசாக. காந்தம் வைத்த குட்டிக் காய் வேண்டாம். சின்னவன் வாயில் போட்டுக்கொள்வான். வலது கை ஓரக் கட்டம் வெள்ளையாக இருக்கவேண்டும், பல சினிமா போஸ்டர்களில் தப்பாகத்தான் இருக்கும். முதல் வாரமே ஒரு சிப்பாய் சோபாவுக்கு அடியில் போய்விடும். அதற்குப் பதில் சட்டைப் பொத்தான் போதும்.